இருபத்து ஐந்தாம் அறை

கருப்பு உடுப்போடு தரையில் மண்டியிட்டு, சவுண்ட் சாமான் அடுக்கிய இரும்புச் சட்டத்தின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் டெல்ஃபினா. ஒரு சாமானின் உத்தரவை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், ஐந்து ஊசி வைத்த மிடி கேபிளின் முனை எந்தத் துளையில் போக வேண்டும் என்பதை விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முட்டிவலி உயிரை எடுத்தது. முன்னறையில் நாலு மெழுகுவர்த்திக்கு நடுவே அவள் புருஷன் எவாரிஸ்தோ பெட்டிக்குள் படுத்திருந்தான். ஜெபமாலை சொல்லும் பெண்களின் குரல் கதவைத் தாண்டி வந்தது. மணி பத்தரை. ஒரு மணிக்குத் தூக்குகிறார்கள்.

துக்க வீட்டில் பெண்டாட்டி செய்கிற வேலையா இது? நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. விமான நிலையத்தை ஒட்டிய பெஞோன் பேட்டையில் பால்மிரா சவுண்ட் சர்வீஸ் என்றால் மைக்கில் எவாரிஸ்தோ, அவன் முதுகுக்குப் பின்னால், எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் கருவியில் டெல்ஃபினா. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் ஓடியது. தெருவை அடைத்துக் கும்பியா பாட்டு போடுவார்கள், ஜனம் ஆடும். ஆடுகிறவர்கள் அட்டையில் பேர் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். இன்னாருக்கு என் வாழ்த்து, இன்னாருக்கு என் நன்றி என்று எவாரிஸ்தோ பாட்டுக்கு மேலேயே அதை வாசிப்பான். அந்தப் பேர் தெருக்கோடிவரை உருண்டு போய் அடங்கும். அப்படி உருளவைப்பது ரிவர்ப். அந்த ரிவர்ப்பைத் திருப்புவது டெல்ஃபினாவின் கை. கேட்கிறவர்களுக்கு எவாரிஸ்தோவின் வாய்தான் தெரியும். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. மைக்கைக் கையில் கொடுத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ரிவர்ப்புக்குள் தொண்ணூற்றொன்பது அறைகள் உண்டு. அறை என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. ஒவ்வொரு எண்ணிலும் ஒரு விதமான எதிரொலியைச் சேமித்து வைக்கலாம். மாதாகோயில் மாதிரி ஒன்று, கிணறு மாதிரி ஒன்று, குளியலறை மாதிரி ஒன்று. எவாரிஸ்தோவின் குரலுக்கென்று அவனே வருஷக்கணக்காக நோண்டி நோண்டிச் செய்தது இருபத்து நாலாம் அறை. அதற்கு மேலே எல்லாம் காலி. அந்தப் பக்கம் அவள் குமிழைத் திருப்பியதே இல்லை.

இப்போது அந்த வேலைக்கு ஒரு பெடல் வந்திருந்தது. காலால் மிதித்தால் ரிவர்ப் தானே அறை மாறும். மூன்று மாதத்துக்கு முன்னால், நுரையீரல் பாதி போய் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துக் கிடந்த மனுஷன் அதை வாங்கிவரச் சொன்னான். வாங்கி வந்த பெடல் கட்டிலடியில் கிடந்தது. நேற்று, வெள்ளிக்கிழமை காலையில், திடீரென்று உட்கார்ந்துகொண்டு காகிதமும் பேனாவும் கேட்டான். பெடலை எப்படி ரிவர்ப்போடு சேர்ப்பது என்று ஒன்று, இரண்டு எனப் போட்டு எழுத ஆரம்பித்தான். அவள் மரம் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு இதெல்லாம் என்று கேட்டாள்.

"இனிமே ரிவர்ப் பக்கம் உன் கை வேண்டாம் ஃபினா," என்றான். அதற்கு மேல் சொல்லவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது.

சுரீர் என்றிருந்தது அவளுக்கு. விரல் வீங்கிப் போன இரண்டு வருஷமாக, வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னவள் இல்லை. மழையில், வெயிலில், வயிற்றில் மகள் யாரெலியைச் சுமந்துகொண்டு, அந்த இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் உழைத்த கை. அது வேண்டாமாம்.

"அப்போ அந்தப் பெடலையே கட்டிக்க, கிழவா," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் சோளக்கஞ்சி இருந்தது. கோபத்தில் இலவங்கப்பட்டையை இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக் கிண்டினாள். ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் தலையணையில் சாய்ந்திருந்தான், பேனா மடியில் கிடந்தது. தூங்குகிறான் என்று நினைத்துக் கஞ்சியை மூடி வைத்தாள். கால் மணி நேரம் மூடியே வைத்திருந்தாள். பிறகுதான் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழு வரி எழுதியிருந்தான். எட்டு என்று எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அதனால்தான் இந்த மண்டியிடல். அவன் கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். என் கை வேண்டாமென்றால் சரி, வேண்டாமென்று சொன்னதையும் இந்தக் கையே செய்து கொடுத்துவிட்டுப் போகட்டும்.

ரூத்திலியோ உள்ளே வந்தார். பக்கத்துப் பேட்டையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். எவாரிஸ்தோவுக்குத் தொழிலில் எதிரி, மற்றபடி உயிர்ச் சிநேகிதன், யாரெலிக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவள் அவருக்கு கொமாத்ரே, அவர் அவளுக்கு கொம்பாத்ரே. விடியற்காலையிலேயே தன் ஸ்பீக்கர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எவாரிஸ்தோவின் ஸ்பீக்கர்களோடு சேர்த்துத் தெருவில் அடுக்கியிருந்தார்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். மைக் பிடித்தவன் செத்தால், அவன் சொல்லிவிட்டுப் போன நன்றிகளை அவனுடைய சாமானிலேயே வாசித்த பிறகுதான் தூக்குவார்கள். எவாரிஸ்தோ மருந்துப் பெட்டிகளை வெட்டி எண்பத்து மூன்று அட்டை எழுதி வைத்திருந்தான். ரூத்திலியோதான் வாசிக்கப் போகிறார் என்று பேசாமலே முடிவாகியிருந்தது. வேறு யாருக்கு அந்தத் தொண்டை இருக்கிறது? ஒரு கையில் மைக், ஒரு கையில் அட்டை. ரிவர்ப்பை யார் பார்ப்பது? பெண்டாட்டி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். வேறொருவர் கை பட அவள் விடமாட்டாள். ஆகவே பெடல்.

"நான் பெடல் மிதிச்சு இருபது வருஷமாச்சு கொமாத்ரே. அவனுக்காக மிதிக்கிறேன்," என்றார்.

அந்தக் கதை பெஞோனில் தெரியாதவர் இல்லை. ரூத்திலியோ புதுசாகப் பெடல் வாங்கி, ஒரு கல்யாணத்தில் பெருமையாக மிதித்தார். மணப்பெண்ணின் பேர் இனிப்பான அறையில் போய் வர வேண்டும். அடுத்த எண்ணில் இருந்த கிணற்று அறைக்குள் விழுந்து, பேய் கூப்பிடுகிற மாதிரி வந்தது. பெண் அழுதுவிட்டாள். காரணம் சின்னது. பெடல் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ரிவர்ப் ஒன்றிலிருந்து எண்ணும். பெடலில் பத்து என்று வைத்தால் ரிவர்ப்பில் பதினொன்று வந்து நிற்கும். ஒன்று குறைத்து வைக்க வேண்டும். அது தெரியாமல் மிதித்த ரூத்திலியோவை எவாரிஸ்தோ இருபது வருஷமாக விருந்துக்கு விருந்து கிண்டலடித்தான். போன மாதம்கூட, மூச்சு வாங்க வாங்க, டாக்டரிடமே சொல்லிச் சிரித்தான்.

டெல்ஃபினா காகிதத்தை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகச் செய்தாள். ஒன்று, பெடலின் வெளியே போகும் துளையிலிருந்து ரிவர்ப்பின் உள்ளே வரும் துளைக்குக் கேபிள். முதலில் இரண்டு முனையையும் வெளியே போகும் துளைகளிலேயே செருகியிருந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. மாற்றிச் செருகினாள். இரண்டாவதும் மூன்றாவதும், இரு சாமானிலும் ஒரே சேனல் எண் இருக்க வேண்டும். அவன் மூன்றாம் சேனல் என்று எழுதியிருந்தான், அதையே வைத்தாள். நாலு, வெளியிலிருந்து வருகிற உத்தரவை ஏற்றுக்கொள் என்று ரிவர்ப்பில் ஒரு இடத்தில் திறந்துவிட வேண்டும். அந்த இடத்தைத் தேடுவதற்குள் ஜெபமாலையில் இரண்டு சுற்று முடிந்துவிட்டது.

நடுவே போன் அடித்தது. மகள் யாரெலி. சிகாகோவில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். குடியேற்றக் காகிதம் இல்லாத இருப்பு. வந்தால் திரும்பிப் போக முடியாது, அங்கே இரண்டு பிள்ளைகள். வராதே என்று அப்பனே சத்தியம் வாங்கியிருந்தான். அட்டை வாசிக்கும்போது போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். பிறகு, அப்பா உனக்கு அட்டையில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கார்," என்றாள் டெல்ஃபினா.

பொய். எண்பத்து மூன்று அட்டையையும் இரவில் பெட்டியருகே உட்கார்ந்து இரண்டு தடவை புரட்டியிருந்தாள். டயர்க்கடைக்காரனுக்கு நன்றி இருந்தது. தமாலே கொழுக்கட்டை விற்கிறவளுக்கு இருந்தது. ஆக்ஸிஜன் உருளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்த ஆளுக்கு, பேர் தெரியாததால், 'சிவப்புத் தொப்பிக்காரருக்கு' என்று இருந்தது. அவள் பேர் இல்லை. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவன் ஒரு நாளும் அவளை மறந்து ஒன்றும் சாப்பிட்டதுகூட இல்லை. அப்படிப்பட்டவன் மறந்தான் என்று எப்படி எடுத்துக்கொள்வது? மறக்கவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

ஐந்தும் ஆறும் முடிந்தன. ஏழாம் வரி: முதல் பொத்தான், 24.

பெடலில் இருபத்து நாலு வைத்தாள். எழுந்து, இடது கால் ஷூவைக் கழற்றிவிட்டு, முதல் பொத்தானை மிதித்தாள். ரிவர்ப்பின் முகத்தில் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னியது. எண் மாறியது.

எட்டிப் பார்த்த ரூத்திலியோவுக்கு ஒரு நொடி முகம் பிரகாசமாகிவிட்டது. இருபத்தைந்து. ஒன்று தள்ளிப் போய் நிற்கிறது.

"ஆக, கடைசில அவனும் என் தப்பையே பண்ணிட்டான்," என்றார். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் கண் நிறைந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "இருபத்து மூணு வைங்க கொமாத்ரே. அவன் அறை வந்துரும்."

டெல்ஃபினா குனிந்து பொத்தானில் விரலை வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றது. பெடல் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று இருபது வருஷமாக ஊரையே சிரிக்கவைத்தவன். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில்கூட அந்த மனுஷன் அதை மறப்பானா?

"இதுல அவர் தப்புப் பண்ண மாட்டார் கொம்பாத்ரே," என்றாள்.

சமையல் மேஜையிலிருந்து அவள் கண்ணாடியை ரூத்திலியோ எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு ரிவர்ப்பின் சின்னத் திரையைப் பார்த்தாள். இருபத்தைந்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அறையின் பேர் போடும் இடத்தில், காலியாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சொல் இருந்தது. அவள் வாசிக்கவில்லை. ரூத்திலியோதான் வாசித்தார்.

"ஃபினா."

அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

ரூத்திலியோ தொப்பியைக் கழற்றினார். பிறகு மைக்கை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

அவள் தலையை ஆட்டினாள். என்னால் முடியாது, எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கே தெரியும், ஊர் முன்னால் என்னை அவமானப்படுத்தாதீர்கள் என்று ஏதேதோ சொன்னாள். அவர் கையை மடக்கவில்லை.

"என் குரலுக்கு அவன் அறை கட்டலையே," என்றார். "நான் இன்னைக்கு ஸ்பீக்கர் தூக்க வந்தவன். அவ்வளவுதான்."

பன்னிரண்டு மணிக்கு எவாரிஸ்தோவை வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிகள் மேல் பெட்டியை வைத்தார்கள். உள்ளே தரையில், பெட்டி இருந்த இடத்தில், வழக்கப்படி சுண்ணாம்பால் போட்ட சிலுவை மட்டும் இருந்தது. தெரு நிறைய ஜனம். ரிவர்ப்பையும் பெடலையும் வாசற்படியில் வைத்திருந்தார்கள். டெல்ஃபினா பெட்டிக்குப் பக்கத்தில், அவன் தலைமாட்டில் நின்றாள். ஒரு கையில் மைக், ஒரு கையில் அட்டைக் கட்டு. ஒரு கால் ஷூவில், மறு கால் வெறும் காலாகப் பெடலில். ஸ்பீக்கர் மேல் யாரெலி காத்திருக்கும் போன்.

விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ இறங்கியது. அது போகும்வரை வாய் திறக்காமல் இருப்பது பெஞோன்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். அது போயிற்று. இனிமேல் சாக்கு இல்லை.

"டயர்க்கடை ஹெர்மிலோவுக்கு," என்றாள்.

குரல் மெலிசாகத்தான் வந்தது. ஆனால் அது தொலைந்து போகவில்லை. சின்னதாகச் சுற்றி, வெதுவெதுப்பாகத் திரும்பி வந்து அவள் காதுக்குப் பக்கத்தில் அடங்கியது. தெருக்கோடிவரை உருட்டிக்கொண்டு போகிற எவாரிஸ்தோவின் அறை இல்லை இது. இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வீட்டு முற்றத்தில், கல் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டு, பூனையைத் திட்டிக்கொண்டு, அரைகுறையாகப் பாடிக்கொண்டு நிற்கும்போது, மூன்று பக்கச் சுவரும் அவள் குரலை இப்படித்தான் திருப்பிக் கொடுக்கும்.

போன மாதம் முழுக்க முற்றத்து ஜன்னலில் மைக் கிடந்தது நினைவுக்கு வந்தது. இதை ஏன் இங்கே போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். ஈரம் பிடித்திருக்கிறது, வெயில் படட்டும் என்றான். காதில் ஹெட்போனோடு ரிவர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு, பழைய அறைகளைச் சுத்தம் பண்ணுகிறேன் என்றான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

"மழையில லாரி சாஞ்சப்போ ஜாக்கி எடுத்துக்கிட்டு ஓடி வந்ததுக்கு, எவாரிஸ்தோவோட நன்றி."

அடுத்த அட்டையைப் புரட்டினாள். வீங்கின விரலுக்கு அட்டை சட்டென்று பிரியாது. கட்டைவிரலால் தள்ளி, இரண்டாவது தடவைதான் வரும். அட்டை பிரிந்து வந்த அதே நேரத்தில் முந்தின வரியின் எதிரொலி சரியாக முடிந்தது. மூன்றாவது அட்டையிலும் அப்படியே முடிந்தது. நாலாவதிலும். ஐந்தாவது அட்டையில்தான் அவளுக்கு விளங்கியது. அவள் விரல் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்து, அந்த நேரத்தை அளந்து உள்ளே வைத்திருக்கிறான். வலிக்கிறது என்று அவள் சொன்னதே இல்லை. சொல்லாததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ரிவர்ப்பில் அந்தக் கை வேண்டாம் என்றது, மைக்குக்கு அது வேண்டியிருந்ததால். எண்பத்து மூன்று அட்டையில் இல்லாத அவள் பேரை இந்த அறைக்கு வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை. தமாலேக்காரிக்கு, எவாரிஸ்தோ தொழில் தொடங்கிய நாளில் காசு கேட்காமலே தட்டை நீட்டியதற்கு. எதிர்வீட்டு மாடிக்காரிக்கு, ஸ்பீக்கர் ஒயர் கட்ட முப்பது வருஷம் பால்கனியைக் கொடுத்ததற்கு, அதனால் அவள் துணி காயப்போட முடியாமல் போனதற்கு. சிவப்புத் தொப்பிக்காரருக்கு. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். ரூத்திலியோவுக்கு, அந்தக் கல்யாணத்துக்காக, இருபது வருஷம் சிரிக்கவைத்ததற்காக. தெருவே சிரித்தது. ரூத்திலியோ சிரித்துக்கொண்டே அழுதார். ஒவ்வொரு பேருக்கும் யாராவது ஒருவர் கூட்டத்தில் நிமிர்ந்தார்கள்.

எண்பத்து மூன்றாவது யாரெலிக்கு. "சிகாகோல இருக்கிற என் மக யாரெலிக்கு. தினம் போன்ல அனுப்பின குரலுக்கெல்லாம் நன்றி. நீ வரலன்னாலும் நான் உன்னை ஒரு நாளும் பார்க்காம இருந்ததில்ல." ஸ்பீக்கர் மேலிருந்த போன் கட் ஆகவில்லை.

கட்டு தீர்ந்துவிட்டது. தூக்குகிற நாலு பேரும் பெட்டிக்குக் கை கொடுக்கக் குனிந்தார்கள். டெல்ஃபினா பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. கையில் அட்டை எதுவும் இல்லாமலே மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"எவாரிஸ்தோவுக்கு," என்றாள். "என் கைய வேண்டாம்னு சொன்னதுக்கு. நன்றி, கிழவா."

அது சுற்றிக்கொண்டு திரும்பியது. தூக்குகிறவர்கள் நிமிரப் பார்த்தபோது ரூத்திலியோ கையை உயர்த்தி நிறுத்தினார். முடியட்டும் என்றார். எல்லோரும் அப்படியே நின்றார்கள், எதிரொலி முழுசாக அடங்கும்வரை. அடங்கியதும் கையை இறக்கினார். தூக்கினார்கள்.

யாரோ பாட்டைப் போட்டார்கள், அவன் எப்போதும் கடைசியாகப் போடுகிற கும்பியா. ஜனம் ஆடுவதா அழுவதா என்று தெரியாமல் நடந்தது. இரண்டாவது தெரு திரும்பும் இடத்தில் ரூத்திலியோ மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் அவளுடைய இடது கால் ஷூ.

"கொமாத்ரே, இதை விட்டுட்டு வந்துட்டீங்க."

டெல்ஃபினா அதை வாங்கினாள். வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.